அக்கரைச் சபை – 11: தாசில்தார் தொடுத்த வழக்கு

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் ‘தி குரோவ்’ என்றொரு பழைய பங்களா இருக்கிறது. சுற்றிலும் மரங்கள். இன்று அங்கே சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை இயங்குகிறது. பள்ளிக்கூடம், சுற்றுச்சூழல் கல்வி மையம் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. சி.பி. என்றதும் பலருக்கும் திருவிதாங்கூர் திவான்தான் நினைவுக்கு வருவார். 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபோது உடனிருந்தவர், 1946-இல் புன்னப்புரா வயலாரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோதும் ஆட்சியில் இருந்தவர்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவர் அந்தத் திவான் அல்லர். 1913-ஆம் வருடக் கோடையில் சென்னை ஐகோர்ட்டில் ஒரு ஏழைத் தகப்பனுக்காக நின்ற 33 வயது வக்கீல். எதிர்த்தரப்பில் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தன் வழக்கைத் தானே வாதாடிய 65 வயதுப் பெண்மணி, அன்னி பெசன்ட். வழக்கு இரண்டு பையன்களைப் பற்றியது. ஆனால் பிரம்ம ஞான சபை என்ற அந்தப் பெரிய கனவுக்குள் அதிகாரம் எங்கே குடியிருந்தது என்பதை வெளியுலகம் முதன்முதலாகப் பார்த்தது இந்த வழக்கில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற இதழில் 1907 பிப்ரவரி 17 வரை வந்திருந்தோம். அன்று அடையாற்றில் சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் கண்ணை மூடினார். அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் போகுமுன், அவர் விட்டுச்சென்றது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

இனம், மதம், பால், சாதி, நிறம் எதையும் பாராத உலக சகோதரத்துவத்துக்கு ஒரு வித்தாக இருப்பது: சபையின் முதல் நோக்கம் இது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி, 1882 டிசம்பரில் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்குக் குடிவந்த சபை சகோதரத்துவம் என்ற இந்த நோக்கத்தைக் கையோடு கொண்டுவந்தது. வெள்ளைக்காரரும் இந்தியரும் சேர்ந்து ஒரு மேசையில் உட்காருவதே அதிசயமாக இருந்த காலம். அந்த நோக்கத்தைக் கேட்ட சென்னைவாசிகளுக்கு மெய்சிலிர்த்தது என்றால் நான் நம்புவேன். வள்ளலாரின் மாணவரான தொழுவூர் வேலாயுத முதலியாரே 1882-இல் சபையாரிடம் வந்து, தம் குருநாதர் சொல்லிவந்த சகோதரத்துவத்தை இவர்களிடம் காண்பதாகச் சாட்சி சொன்னார். வடலூர் சபைக்கும் அடையாற்றுச் சபைக்கும் நடுவில் அவர் மனத்தில் பெரிய தூரம் இல்லை.

ஆல்காட் அதை வெறும் பேச்சாக விடவும் இல்லை. 1894-இல் அடையாற்றுக்குப் பக்கத்தில் தலித் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பின்னர் அது பல பள்ளிகளாக வளர்ந்தது. 1898-இல் அயோத்திதாசரை இலங்கைக்கு அழைத்துப்போய், அவர் பௌத்தம் தழுவத் துணைநின்றார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்ததில் ஆல்காட்டின் பங்கை யாரும் மறுக்க முடியாது. கனவு பொய்யில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வரப்போகும் சங்கதிகளைப் படித்துவிட்டு எல்லாமே மோசடி என்று கையைத் தட்டிவிட்டுப் போவது மிகச் சுலபம். அப்படிப் போய்விட்டால், நல்ல எண்ணத்தோடு எழுந்த ஒரு சங்கம் ஏன் இப்படித் திரும்பியது என்பது நமக்குப் பிடிபடாமலே போய்விடும்.

சபைக்கு எழுதிய சட்டம் உண்டு. தலைவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பொதுக்குழு உண்டு, நாடுதோறும் கிளைகள் உண்டு. எந்த நம்பிக்கையும் யார் மேலும் திணிக்கப்படாது; சபையார் தம் மறைகுருமாராகக் கருதிய மகாத்மாக்களை நம்பாதவரும் உறுப்பினராகலாம். அந்தக் காலத்து மடம், மிஷன், சமாஜம் எதிலும் இவ்வளவு திறந்த கதவு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆல்காட்டோடு சேர்ந்து சபையைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் அதற்குள் இன்னொரு வீடு கட்டினார். எஸோடெரிக் செக்‌ஷன் என்று பெயர். உள்வட்டம் என்று வைத்துக்கொள்வோம். சபையில் சேர நம்பிக்கை தேவையில்லை. உள்வட்டத்தில் சேரச் சத்தியம் செய்ய வேண்டும். அதன் தலைவருக்குக் கீழ்ப்படிவதும் அந்தச் சத்தியத்தில் அடக்கம். அங்கே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. ஆல்காட்டுக்கு இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே உறுத்தியது. அவர் ராணுவத்தில் இருந்தவர், வக்கீல் தொழிலும் பார்த்தவர். ஒரே வளவுக்குள் இரண்டு அரசாங்கம் நடந்தால் எது எதை விழுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1891-இல் பிளாவட்ஸ்கி இறந்ததும் உள்வட்டம் பெசன்ட், ஜட்ஜ் என்ற இருவர் பொறுப்பில் வந்தது. 1895-இல் ஜட்ஜ் அமெரிக்கக் கிளையோடு பிரிந்துபோனார். உள்வட்டம் பெசன்ட் கையில் தங்கியது. சபை ஆல்காட் கையில் இருந்தது.

1907-இல்தான் இரண்டும் ஒரே கைக்கு வந்தன.

வந்த விதமும் முக்கியம். ஜனவரியில் ஆல்காட் படுக்கையில் கிடந்தபோது மகாத்மாக்கள் அவர் அறையில் தோன்றி, பெசன்ட்டை வாரிசாக நியமிக்கச் சொன்னதாக அறிவிக்கப்பட்டது. உடனிருந்தவர்களும் கண்டதாகச் சொன்னார்கள். தேர்தல் முறைப்படி நடந்தது, அம்மையார் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஆனால் துணைத்தலைவராக இருந்த சின்னெட் முதலிய மூத்தவர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள். மகாத்மாக்களின் கட்டளை என்று சொல்லிவிட்ட பிறகு, பக்தியுள்ள உறுப்பினர் ஒருவர் எப்படி எதிர்த்து வாக்களிப்பார்? நம்பாதவருக்கும் இடம் உண்டு என்ற விதி காகிதத்தில் அப்படியே இருந்தது. அதைத் தொடாமலே அதன் உயிர் போயிற்று.

அடுத்த வருடமே இதன் பலன் தெரிந்தது. சபையின் மூத்தவர்களில் ஒருவரான சார்லஸ் லெட்பீட்டர் 1906-இல் அதிலிருந்து விலக நேர்ந்தவர். தம்மிடம் இருந்த சிறுவர்களுக்குத் தகாத போதனை செய்தார் என்று அமெரிக்காவிலிருந்து வந்த புகாரை ஆல்காட் விசாரித்தபின் நடந்தது அது. 1908 இறுதிக்குள் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள முடிவாயிற்று. ஜி.ஆர்.எஸ். மீட் என்ற அறிஞரும் அவரோடு ஏறத்தாழ 700 பிரிட்டிஷ் உறுப்பினர்களும் வெளியேறினார்கள். 1909 பிப்ரவரி 10 அன்று லெட்பீட்டர் அடையாற்றில் வந்து இறங்கினார்.

அதே பிப்ரவரியில் ‘இந்தியன் ரிவ்யூ’ இதழில் பெசன்ட் அம்மையார் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, முதலில் அவர்களுக்குத் தனியே சுத்தமும் பழக்கவழக்கமும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் அம்பேத்கர் அதை விரிவாக எடுத்துக்காட்டிக் கண்டித்தார். சாதி பாராத சகோதரத்துவம் என்ற வாக்கியத்தின் கீழ் கையெழுத்திட்டவர், ஆல்காட் பள்ளிகளுக்குச் சில பர்லாங்கு தூரத்தில் உட்கார்ந்து எழுதியது இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அவர் சாதாரணப் பெண்மணி அல்லர் என்பதால்தான் இவ்வளவு கனம்.

இனி நாராயணய்யாவிடம் வருவோம்.

ஜிட்டு நாராயணய்யா தெலுங்கு பிராமணர், மதனப்பள்ளிப் பக்கம். ரெவின்யூ இலாகாவில் தாசில்தார் வரை உயர்ந்து ஓய்வுபெற்றவர். 1880-களின் தொடக்கத்திலிருந்தே சபை உறுப்பினர், உள்வட்டத்தையும் சேர்ந்தவர். மனைவி சஞ்சீவம்மா 1905-இல் இறந்துவிட்டார். ஓய்வூதியம் பாதியாகிவிட்ட கையோடு நான்கு பையன்களையும் ஒரு மருமகனையும் வைத்துக்கொண்டு அவர் பெசன்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: அடையாற்றில் ஏதாவது வேலை கொடுங்கள், சம்பளம் வேண்டாம், தங்க இடம் போதும். அம்மையார் முதலில் மறுத்தார். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பையன்களால் அமைதி கெடும் என்று காரணம் சொன்னார். மறுபடி மறுபடி எழுதியதில் கடைசியில் உள்வட்டத்துக்கு உதவிச் செயலர் வேலை கிடைத்தது. 1909 ஜனவரி 23 அன்று குடும்பம் வந்து சேர்ந்தது. வளவுக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டைக் கொடுத்தார்கள். உள்ளே கழிப்பிட வசதிகூட இல்லாத வீடு.

கிருஷ்ணா என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது 13 வயது, தம்பி நித்யானந்தாவுக்கு 10. இருவரும் மயிலாப்பூர் பென்னாத்தூர் சுப்ரமணியம் உயர்நிலைப் பள்ளிக்கு, நாம் இன்று பி.எஸ். ஹைஸ்கூல் என்று சொல்லும் பள்ளிக்கு, ஆற்றைத் தாண்டி மூன்று மைல் நடந்தார்கள். மாலையில் மூன்று மைல் திரும்பினார்கள். நித்யா கெட்டிக்காரன். கிருஷ்ணா வகுப்பில் கனவு கண்டுகொண்டிருப்பான், அடி வாங்குவான். மலேரியாவில் இளைத்த உடம்பு. பாடம் சொல்லிக்கொடுத்த எர்னஸ்ட் உட் என்ற சபைக்காரரே அவனை மந்தப்புத்தி என்றுதான் நினைத்திருந்தார்.

அந்த வசந்தத்தில் ஒரு மாலை, ஆறு கடலில் கலக்கும் மணல்வெளிக்குக் குளிக்கப் போன லெட்பீட்டர் பையனைப் பார்த்தார். அவனைச் சூழ்ந்த ஒளியில் சுயநலத்தின் சாயலே இல்லை என்றார். வரப்போவதாகச் சபையார் எதிர்பார்த்திருந்த உலக ஆசானுக்கு உடலாகப் போகிறவன் இவனே என்ற முடிவுக்கு விரைவில் வந்தார். இதற்குமுன் ஹ்யூபர்ட் என்ற அமெரிக்கச் சிறுவனை அந்த இடத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை தாயோடு கடல் கடந்து அடையாற்றுக்கு வந்து சேர்ந்தபோது இடம் நிரம்பியிருந்தது.

பள்ளியிலிருந்து பையன்கள் நிறுத்தப்பட்டார்கள். பள்ளிப் படிப்பு இல்லாவிட்டால் நாளை உத்தியோகம் கிடைக்காதே என்று தாசில்தார் பதறினார். அவர் கவலை நியாயமானது. ஐந்து பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய மனிதர். ஆனாலும் ஒப்புக்கொண்டார். 1909 நவம்பர் 27 அன்று வெளிநாட்டிலிருந்து திரும்பிய பெசன்ட்டை வரவேற்கக் கிருஷ்ணாவைச் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். தாயில்லாப் பிள்ளைக்கும் அந்த அம்மையாருக்கும் அன்று முளைத்த பாசம் அவர் சாகும்வரை வாடவில்லை. எத்தனை கோணத்தில் பார்த்தாலும் அந்தப் பாசத்தில் எனக்குக் களங்கம் தெரியவில்லை. 1910 ஜனவரி 11 அன்று கிருஷ்ணாவுக்குத் தீட்சை. மார்ச் 6 அன்று நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்: கிருஷ்ணா, நித்யா இருவரின் பாதுகாவலர் பொறுப்பையும் அன்னி பெசன்ட்டிடம் ஒப்படைக்கிறேன்.

இந்தக் கையெழுத்தைப் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். பேராசை என்றார்கள் சபை அன்பர்கள். ஏமாற்றப்பட்டார் என்றார்கள் எதிரிகள். நான் அவர் இருந்த இடத்தில் நின்று பார்க்க முயல்கிறேன். வேலை கொடுத்தது அம்மையார். கூரை கொடுத்தது அம்மையார். சத்தியம் செய்துகொடுத்திருந்ததும் அம்மையாரிடம். தன் மகனைத் தேர்ந்தெடுத்தவர்கள் மகாத்மாக்கள் என்றால், முப்பது வருட நம்பிக்கையும் சேர்ந்து கையை நீட்டச் சொல்லும். சோறும் கூரையும் மோட்சமும் ஒரே வாசலில் கிடைக்கும்போது, அந்த வாசலில் நின்று முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? சபையின் விதிகளின்படி அவர் பெசன்ட்டுக்குச் சமமான சகோதரர்தான். அந்தச் சமத்துவத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு மேடையோ முறையீட்டுக் குழுவோ இல்லை. உள்வட்டத்தைப் பற்றிய குறையை உள்வட்டத் தலைவரிடமே சொல்ல வேண்டும். அவர் சபைத் தலைவரிடம் போகச் சொன்னாலும் போய் நிற்க வேண்டியது அதே முகத்தின் முன்தான்.

கடிதத்துக்குப் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1910 டிசம்பரில் பையன் பெயரில் சிறு நூல் வந்தது. உலக ஆசானின் வருகையை எதிர்நோக்கி 1911 ஜனவரியில் காசியில் ஜார்ஜ் அருண்டேல் தொடங்கிய குழு விரைவில் கிழக்கு நட்சத்திர சங்கம் ஆயிற்று. கிருஷ்ணா அதன் தலைவர். 1911 டிசம்பர் 28 அன்று காசியில் சங்கச் சான்றிதழ் வழங்க நின்ற 16 வயதுப் பையன் காலில் பெரியவர்கள் வரிசையாக விழுந்தார்கள். ஊரெங்கும் பேச்சாகிவிட்டது. நாராயணய்யாவின் உள்ளம் இதற்குள் முறிந்திருந்தது. லெட்பீட்டரிடமிருந்து பையன்களைப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய முதல் கோரிக்கை. மகனைத் தெய்வமாக்கிக் குடும்பத்தை ஊர்ச் சிரிப்புக்கு ஆளாக்குகிறார்கள் என்பது இரண்டாவது. 1912 பிப்ரவரியில் படிப்புக்காக என்று பையன்களைப் பெசன்ட் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். கொஞ்ச நாளில் சிசிலித் தீவின் தாவோர்மினாவில் லெட்பீட்டரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். செய்தி சென்னைக்கு எட்டியது. பையன்களைத் திருப்பி ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்று தந்தை எழுதினார். அந்த வருடம் அக்டோபரில் போகவும் செய்தார்.

போன கோர்ட் எது என்பதில்தான் இந்த வழக்கின் விதி எழுதியிருந்தது. அடையாறு அன்று சென்னை நகரத்துக்குள் இல்லை. ஆற்றுக்கு அக்கரை செங்கல்பட்டு ஜில்லா. எனவே பிராது செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் பதிவாயிற்று. பிறகு ஐகோர்ட் அதைத் தன் விசாரணைக்கு மாற்றிக்கொண்டது. 1913 மார்ச் 20 அன்று நீதிபதி பேக்வெல் முன் விசாரணை தொடங்கியது. வாதி தரப்பில் சி.பி. ராமசாமி ஐயர்.

அம்மையார் தாமே வாதாடினார். அவருக்குக் கோர்ட் புதிதல்ல. 1877-இல் கர்ப்பத்தடை பற்றிய சிறுநூலை வெளியிட்டதற்காக லண்டனில் குற்றக் கூண்டில் நின்றவர். அடுத்த ஆண்டு, நாத்திகம் பேசுகிறவள், அப்படிப்பட்ட நூலை வெளியிட்டவள் என்று காரணம் காட்டி, அவருடைய சிறுமகள் மேபலை ஆங்கிலக் கோர்ட் அவரிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தது. அந்தக் காயம் ஆயுளுக்கும் ஆறவில்லை என்பது அவருடைய சுயசரிதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள்கொடுத்தவரும் இவரே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், எளியவர்களுக்காகத் தெருவில் நின்ற பெண், 35 வருடம் கழித்துப் பாரிமுனைச் சிவப்புக் கட்டடத்தில் ஒரு எளிய தகப்பனுக்குப் பிள்ளைகளைத் தர முடியாது என்று நின்றார். தன் கொள்கைக்காகப் பிள்ளையைப் பிரித்த கோர்ட் மேல் இருந்த அதே கோபத்தோடுதான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். தன்னிடம் உள்ள பிள்ளையைத் தன் கொள்கைக்காக இன்னொரு முறை பிடுங்கப் பார்க்கிறார்கள் என்பதாகவே அது அவருக்குப் பட்டிருக்கும். தான் இப்போது பலமுள்ள பக்கத்தில் இருப்பது அவர் கண்ணில் படவில்லை.

விசாரணையில் லெட்பீட்டரும் சாட்சி சொன்னார். இதன் எடையை அன்றைய சபை உறுப்பினர்கள் உணர்ந்திருப்பார்கள். மகாத்மாக்களின் சொல் எவர் வழியாக அடையாற்றுக்கு வந்துகொண்டிருந்ததோ, அவரைப் பார்த்து ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கச் சபைக்குள் ஒருவருக்கும் வாய் வராது. இங்கே பிரமாணம் செய்துவிட்டு, வக்கீல்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் வைத்த கோர்ட்தான். அன்றைய நிலையில் ஒரு தாசில்தாருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கிடைத்த ஒரே இடம் அதுவாக இருந்தது.

ஏப்ரல் 15 தீர்ப்பு. லெட்பீட்டர் மீது நாராயணய்யா சுமத்திய மிகக் கடுமையான குற்றச்சாட்டை நீதிபதி ஏற்கவில்லை, நம்பத்தக்கதல்ல என்றார். அதே சமயம் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை என்றும், சிறுவர்களை வைத்திருக்க அவர் ஏற்றவர் அல்லர் என்றும் சொன்னார். பையன்கள் கோர்ட்டின் பாதுகாப்பில் வைக்கப்படுவார்கள். மே 26-க்குள் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். வழக்குச் செலவு மட்டும் வாதி தலையில். வென்றவர் செலவைக் கட்ட வேண்டும் என்ற இந்த முடிவு அந்த ஓய்வூதியக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

பெசன்ட் அப்பீல் போனார். தலைமை நீதிபதி சர் அர்னால்ட் வைட், நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் இருவரும் அக்டோபர் 29 அன்று அதைத் தள்ளினார்கள். அம்மையார் லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்புகளைப் புரட்டிப்போட்டது. பையன்கள் இங்கிலாந்தில் வசிக்கிறார்கள். செங்கல்பட்டு கோர்ட்டின் எல்லைக்குள் இல்லை. அந்த கோர்ட்டுக்கு இல்லாத அதிகாரம் வழக்கை மாற்றிக்கொண்ட ஐகோர்ட்டுக்கும் வராது. அத்தோடு இன்னொன்றையும் நீதிபதிகள் சொன்னார்கள்: எவரைப் பற்றிய வழக்கோ அந்தப் பையன்கள் கோர்ட் முன் இல்லை, அவர்கள் தரப்பை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உண்மைதான். ஒன்றரை வருடம் பெரியவர்கள் அவர்களைப் பற்றிப் பேசியிருந்தார்கள். தந்தையின் உரிமை பேசப்பட்டது, அம்மையாரின் உரிமை பேசப்பட்டது, லெட்பீட்டரின் ஒழுக்கம் பேசப்பட்டது. கிருஷ்ணாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அம்மையாரிடமே இருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பான். பையன்கள் திரும்ப விரும்பவில்லை என்பது தெரிந்த விஷயம். அந்த விருப்பம் 13 வயதிலிருந்து எப்படி வளர்க்கப்பட்டது என்பது வேறு கேள்வி. அதை விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கும் சட்டம் கிடையாது. 15 வருடம் கழித்து ஹாலந்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால், அம்மையாரையும் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கிருஷ்ணமூர்த்தியே எழுப்பிக்கொள்ளப்போகிறார். அதற்கு இன்னும் சில அத்தியாயங்கள் இருக்கின்றன.

ஆனாலும் தாசில்தார் ஒரு விஷயத்தில் தோற்கவில்லை. 1910 மார்ச் கடிதம் திரும்பப் பெற முடியாத தானம் அல்ல என்பதைப் பிரிவி கவுன்சிலும் ஒப்புக்கொண்டது. தகப்பன் தன் பொறுப்பை ஒருவரிடம் கொடுக்கலாம். பிள்ளையின் நலனுக்கு ஆகாது என்று தோன்றினால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அடியோடு எழுதிக்கொடுத்துவிட முடியாது. இன்றும் பிள்ளைகள் பாதுகாப்பு வழக்கு என்றால் நம் வக்கீல்கள் ‘அன்னி பெசன்ட் எதிர் நாராயணய்யா’ என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நாராயணய்யா யார் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சென்னையின் அரசியலிலும் இந்த வழக்கின் வெப்பம் படிந்தது. சபையைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்களில் டாக்டர் டி.எம். நாயர் ஒருவர். தாம் நடத்திய மருத்துவ இதழில் 1910-லேயே லெட்பீட்டரைப் பற்றி எழுதியிருந்தார். அதற்காகப் பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. 1916 நவம்பரில் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் அதே நாயர் முன்னணியில் நின்றார். பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தை எதிர்த்து ஓயாமல் பேசினார். பிராமணர் அல்லாதார் இயக்கம் இந்த ஒரு பகையில் பிறந்ததில்லை. அதன் வேர் வெகு ஆழமானது. ஆனால் அம்மையாரின் வாக்கை மகாத்மா வாக்காக ஏற்கக் கூடாது என்ற பிடிவாதம் நாயருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த வழக்கு ஒரு விடை.

எல்டாம்ஸ் சாலை வக்கீல் எங்கே போனார்? பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்த இரண்டு மாதத்தில், 1914 ஜூலை 14 அன்று, பெசன்ட் ‘நியூ இந்தியா’ நாளிதழைத் தொடங்கினார். 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் பிறந்தது. எதிர் வக்கீலாக நின்ற சி.பி. அந்த லீக்கில் சேர்ந்தார், அதன் செயலரானார். 1917 ஜூனில் பெசன்ட்டையும் அவருடைய சகாக்கள் அருண்டேல், வாடியா இருவரையும் அரசு காவலில் வைத்தபோது சென்னையில் எழுந்த கொந்தளிப்பில் அவருக்கும் பங்கு உண்டு. கோர்ட்டில் தன்னைக் குறுக்கே மறித்த இளைஞரை அம்மையார் அரவணைத்துக்கொண்டது பெருந்தன்மை என்பதில் சந்தேகமில்லை. அது ஒரு வக்கீலிடம் காட்ட முடிந்த பெருந்தன்மை. சபைக்குள் இருந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்ட தாசில்தாருக்கு அது கிடைக்கவில்லை.

கிருஷ்ணாவும் நித்யாவும் 1912 பிப்ரவரியில் கப்பலேறியபோது 16, 13 வயது. திரும்பிப் பம்பாயில் இறங்கியது 1921 டிசம்பரில். அப்போது 26, 23. நாராயணய்யா உயிரோடிருந்தார். 1924-இல் காலமானார்.

(தொடரும்)